அம்மா நடிக்காத கௌபாய் படம்

போன சனிக்கிழமை லாஸ் கொலினாஸ் ஏரிக்கரையில் நடைப்பயிற்சி முடிந்து காபிக்கு உட்கார்ந்தபோது, உங்களில் ஒருவர் முந்தின வாரம் டிவியில் பார்த்த ஒரு கௌபாய் படத்தைப் பற்றிச் சொன்னீர்கள். துப்பாக்கிச் சண்டை அதிகம் இல்லாத படம். ஆள் நடமாட்டமே இல்லாத மாட்டுப் பண்ணையில் ஒரு குடும்பம். ஒருவரோடு ஒருவர் பேசாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறார்கள். "ரொம்ப ஸ்லோ. பாதியிலேயே தூங்கிட்டேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அதே மாதிரி இன்னொரு படம், ரொம்ப நாளைக்கு முந்தைய படம், என் மனதை விட்டுப் போகவில்லை. அதன் கதையை உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் யாராவது போனை எடுத்துப் பேரப்பிள்ளை போட்டோவைக் காட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

நீங்கள் எல்லாம் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு வந்தவள். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. அப்பா மாட்டு டாக்டர். சென்னை வேப்பேரியில் படித்தவர். டெக்சாஸின் மேற்குப் பக்கம், லப்பக் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டிய ஒரு இடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இன்றைக்கு இங்கே டல்லஸ் பக்கம், இர்விங்கில் அபார்ட்மெண்ட் கதவைத் திறந்தால் எதிர்வீட்டிலிருந்து "சாப்டீங்களா?" என்று கேட்கிறார்கள். அங்கே எங்களுக்கு எதிர்வீடே கிடையாது.

எங்கள் வீடு, ஒரு பண்ணைக்காரர் தன் வேலையாட்களுக்காக எப்போதோ கட்டிப்போட்ட மரவீடு. சமையலறை ஜன்னலில் நின்றால் கம்பி வேலி தெரியும், அதில் ஒரு இரும்பு கேட், அதைத் தாண்டி மண்பாதை, வெகு தூரத்தில் ஹைவே. மற்றபடி வானம்தான். காற்று ஒரு நாளும் நின்றதில்லை. துவைத்த புடவையை அம்மா ஏழெட்டு கிளிப் போட்டு மாட்டுவாள். அப்படியும் ஒரு முறை அவளுடைய மாம்பழ மஞ்சள் புடவை பறந்துபோய் முள்மரத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு பசுமாடு அதையே பார்த்தபடி அரை நாள் நின்றது.

அப்பாவுக்கு அந்த இடம் சொர்க்கம். காலை ஐந்து மணிக்கு பிக்அப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார். அவர் உள்ளே நுழையும் முன்பே அயோடின் வாசனையும் சாண வாசனையும் நுழைந்துவிடும். வேலியோரம் நின்று ஒரு மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு வயிற்றில் கோளாறா குளம்பில் கோளாறா என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு கண் என்று ஊரே அவரைப் புகழ்ந்தது.

அம்மா, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் காட்பாடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஆங்கிலம் வாசிப்பாள், எழுதுவாள். ஆனால் அந்தப் பக்கத்து மனிதர்கள் வாயைத் திறக்காமலே பேசுகிற ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. கடை பதினெட்டு மைல். கார் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய் வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வந்தால், அடுத்த ஞாயிறு வரைக்கும் அவள் பார்க்கும் முகங்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

பண்ணைக்காரரும் இருந்தார், இருநூறு அடி தள்ளி பெரிய வீட்டில். ஆனால் அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. எழுபது வயது, தனி ஆள். எதிரே வந்தால் தொப்பியின் நுனியை இரண்டு விரலால் தொடுவார், அவ்வளவுதான். சொந்தத் தம்பியோடு இருபது வருஷமாகப் பேச்சில்லை என்றும், நிலத்துக்கு நடுவே வேலி போட்டுக்கொண்டவர் என்றும் ஊரில் சொன்னார்கள். அப்பா அடிக்கடி சொல்வார்: "அந்த ஆளுக்கு நம்மளைக் கண்டாலே ஆகாது. வாடகைக்கு விட்டதே பெரிசு."

நாங்கள் போன அடுத்த கோடையில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

ஒரு நாள் காலையில் ஹைவேயிலிருந்து பன்னிரண்டு லாரிகள் வரிசையாக மண்பாதையில் திரும்பின. தம்பி ஜன்னலில் ஏறி நின்று எண்ணினான். பண்ணைக்காரரின் பெரிய வீட்டைப் படம் எடுக்கக் கேட்டிருந்தார்கள். அவர் தன் கட்டிலையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு குதிரைக் கொட்டகைக்குக் குடிபோய்விட்டார். படத்தில் வரும் மாடுகளையும் குதிரைகளையும் கவனித்துக்கொள்ள அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாப்பிடும்போது கதையை எங்களுக்குச் சொன்னார்.

"ஒரு அப்பன், ரெண்டு பிள்ளைங்க. பண்ணையில தனியா இருக்காங்க. மூணு பேருக்கும் பேச்சே கிடையாது. மூத்தவன் எங்கேருந்தோ ஒரு பொண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வரான். வந்த இடத்துல அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமா பேச்சு நின்னு போயிடுது."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, அதான் கதையாம்."

"நோ கன்ஸ்?" என்றான் தம்பி. பெரிய ஏமாற்றம் அவனுக்கு.

"எல்லாச் சண்டையும் மனசுக்குள்ளதானாம்டா. இதை யாரு காசு குடுத்துப் பாப்பாங்களோ தெரியல" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "ஏன் பேச்சு நின்னு போச்சாம்?" என்று மட்டும் கேட்டாள். அப்பா மோர் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்த காரணம் பிரஷர் குக்கர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காதில் ஹெட்போனும் கழுத்தில் வயர்களுமாக ஒருவர் வந்து கதவைத் தட்டினார். ஒலிப்பதிவு செய்கிறவர். பெரிய வீட்டில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு முக்கியமான காட்சி. மூன்று தடவை எடுத்தும் மூன்று தடவையும் ரயில் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறதாம். பக்கத்தில் தண்டவாளமே இல்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மா என் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்: "துவரம்பருப்புன்னு சொல்லு பாப்பா."

நான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டினோம். அந்த நேரம் பார்த்து நாலாவது விசில் வந்தது. மனிதர் ஒரு அடி பின்னால் குதித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அந்த வீட்டில் அம்மா அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பதினோரு மணிக்குள் குக்கரை இறக்கிவிடுவது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம் ஆனது.

மறுநாள், அந்த ரயிலைப் பார்க்க வேண்டும் என்று நடிகை வந்தாள்.

மூத்தவனின் மனைவியாக நடிப்பவள் அவள்தான். அம்மாவின் வயதுதான் இருக்கும், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று. படத்துக்கான சாயம்போன கவுனும் அழுக்கு பூட்ஸுமாக வந்தாள். சட்டென்று பார்த்தால் ஏழைப்பட்ட பண்ணைப் பெண் என்றே நினைத்திருப்பேன். சாம்பார் சாதத்தை ஸ்பூன் வேண்டாம் என்று கையாலேயே சாப்பிட்டாள். முழங்கை வரைக்கும் வழிந்தது. அம்மா "ஐயோ பாவம்" என்று ஈரத்துணி எடுத்துக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் காட்சி இல்லாத பொழுதெல்லாம் எங்கள் சமையலறையில்தான் இருந்தாள். சாப்பாட்டுக்கு வருகிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். "ஹாலிவுட் நடிகை என் பொண்டாட்டி கை ரசத்துக்கு அடிமை" என்று அப்பா மாடு வைத்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

நான்தான் மொழிபெயர்ப்பாளர். மேஜையின் ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு அம்மா, நடுவில் கால் தரையில் எட்டாத நான். அவள் விசித்திரமான கேள்விகளாகக் கேட்டாள். காலையில் கணவர் வண்டி கிளம்பிப் போன பிறகு முதலில் என்ன செய்வீர்கள்? ஒரு நாளில் எத்தனை வண்டிகள் அந்த ரோட்டில் போகும்? யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்?

அம்மா முதலில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையில் பதில் சொன்னாள். போகப் போக நிறுத்தவே முடியவில்லை. காட்பாடி பள்ளிக்கூடத்தில் நாற்பது பெண்களுக்கு இயற்கணிதம் நடத்தியதை, பாடம் நடுவே ஜங்ஷனில் ரயில் போனால் சாக்பீஸை நீட்டியபடியே அது போய் முடியும்வரை நின்றதை, மழை நாளில் பிள்ளைகள் ஈர ரிப்பனோடு வந்து உட்கார்ந்தால் வகுப்பில் வரும் வாசனையை எல்லாம் சொன்னாள். எல்லாமே எனக்குத் தெரியாத சங்கதி. என் அம்மாவைப் பற்றி நான் தெரிந்துகொண்டதே இன்னொருத்திக்காக மொழிபெயர்த்துத்தான்.

இங்கே ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரொம்ப வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

படப்பிடிப்பு முடிய ஒரு வாரம் இருக்கும். மத்தியான வெயில். தம்பி தரையில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நடிகை என்னிடம் சொன்னாள்: "உங்க அம்மாகிட்ட கேளு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மனசுக்குத் தோணறதைச் செய்யலாம்னா என்ன செய்வாங்க?"

கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"சில நாளு, இவன் தூங்கினதுக்கப்புறம், அந்த கேட்டைத் தொறந்துட்டு அப்படியே நடந்து போயிடலாமான்னு இருக்கும். எங்கன்னு இல்ல. திரும்பிப் பாக்காம போயிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

தம்பியைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நடிகை காத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வாக்கிங் போகப் பிடிக்குமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அன்று முதல் நான் அம்மாவைக் காவல் காத்தேன். தம்பி தூங்கினால் எழுப்பிவிடுவேன். கேட்டின் சங்கிலியை இரண்டு சுற்றாகச் சுற்றிவைப்பேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சினிமாக்காரர்கள் ஒரே நாளில் காலி செய்துகொண்டு போனார்கள். போவதற்கு முன் யாரோ, எடுத்த உடனே கையில் வரும் போலராய்ட் போட்டோ ஒன்று எடுத்தார்கள். அடுப்பின் முன்னால் அம்மாவும் நடிகையும், இருவர் நெற்றியிலும் அம்மாவின் சாந்துப்பொட்டு. நாங்கள் வீடு மாறிய ஏதோ ஒரு தடவையில் அது தொலைந்துபோனது. நானும் தம்பியும் எத்தனையோ பெட்டிகளில் தேடியாயிற்று. நடிகை அம்மாவைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. அம்மா சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒன்றும் பேசுவதில்லை. ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவினாள். அப்பா அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் பத்தலை" என்றார். இரும்புச் சத்து மாத்திரை வாங்கி வந்து தினமும் தானே எடுத்துக்கொடுத்தார். அவ்வளவு அக்கறையான மனிதர். மாத்திரை தீர்ந்ததும் "இப்ப தேவலையா?" என்று கேட்டார். "தேவலை" என்றாள் அம்மா. அவரும் நம்பிவிட்டார்.

அடுத்த வருஷம் வசந்த காலத்தில் படம் லப்பக்கில் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனோம். அப்பா கோட்டு போட்டுக்கொண்டார். அம்மா பட்டுப்புடவை. எங்களைச் சேர்த்துத் தியேட்டரில் மொத்தம் பதினைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள்.

முதல் அரை மணி நேரம் அப்பா எங்களுக்கு மாடுகளை அடையாளம் காட்டினார். "அந்தச் செவலைக்குக் குளம்புல புண்ணு, நான்தான் மருந்து போட்டேன்." தம்பி பாப்கார்னோடு சேர்ந்து தூங்கிப்போனான்.

பிறகு நடிகை சமையலறையில் தனியாக இருக்கும் காட்சி வந்தது. கணவனின் வண்டி போன புழுதி அடங்கும்வரை ஜன்னலில் நிற்கிறாள். ஒரு டம்ளரைக் கழுவுகிறாள், துடைக்கிறாள், மறுபடி கழுவுகிறாள். ஈரக்கையைக் கவுனின் ஓரத்தில், அங்கே ஒரு முந்தானை இருக்கிற மாதிரி, இடுப்புக்குப் பக்கமாக எடுத்துத் துடைக்கிறாள். தூரத்து ரோட்டில் வண்டிகள் போகின்றன. அவள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறாள்.

வெள்ளைக்காரர்கள் யாரும் அப்படி எண்ணுவதில்லை. அந்தத் திரையில் அத்தனை பெரிதாக இருந்தது எங்கள் அம்மாவின் கை.

அப்பா மாடுகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கிறார், அம்மாவைப் பார்க்கிறார், மறுபடி திரையைப் பார்க்கிறார். அம்மா அசையாமல், லேசாக முன்னால் சாய்ந்து, கணக்கு நோட்டைத் திருத்துகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு நாள் காலை அந்தப் பெண் கையைத் துடைத்துவிட்டு வெளியே வருகிறாள். கேட்டைத் திறக்கிறாள். நடந்து போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கிற மூன்று ஆண்களில் ஒருவனும் கவனிக்கவில்லை. படம் அதோடு முடிந்தது.

நான் சொல்லவே இல்லையே, இவளுக்கு எப்படித் தெரிந்தது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் இருந்தது. வழியில் பெட்ரோல் போட ஒரு இடத்தில் நிறுத்தினோம். போட்டு முடித்து வந்து உட்கார்ந்த அப்பா வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அது நீதானே?"

"நடிப்புங்க" என்றாள் அம்மா.

"நான் கேக்கறேன்ல."

"ஆமா" என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம். "நம்ம வீட்டுல வந்து மூணு மாசம் சாப்பிட்டுட்டு, உன்னையே வெச்சு படம் புடிச்சிட்டுப் போயிருக்கா! ஒரு வார்த்தை கேட்டாளா உன்னை?"

"அவ எதையும் எடுத்துட்டுப் போகலைங்க. பாத்தா. அவ்வளவுதான். வேற யாரு என்னைப் பாத்தாங்க?"

அம்மா இதைக் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அப்பா எதிரே இருந்த பெட்ரோல் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பின் சீட்டிலிருந்து தேம்பித் தேம்பிச் சொன்னேன்: "அம்மா, நான் அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேம்மா. நீ சொன்னதை அவகிட்ட சொல்லவே இல்ல. வாக்கிங்னு சொல்லிட்டேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "பைத்தியம். வாக்கிங்னா என்னன்னுகூடவா எனக்குத் தெரியாது? அன்னைக்கே தெரியும்டி. நீ பயந்துட்டேன்னு புரிஞ்சுது. அதான் சும்மா இருந்துட்டேன்." கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்க போவேன் உங்களை விட்டுட்டு? தோணும்னுதானே சொன்னேன்."

அப்பா, "வேற ஊருக்குப் போயிடலாம்" என்றார். "டல்லஸ் பக்கம். நம்ம ஆளுங்க இருக்கற இடமா."

"போயி? நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடப் போறீங்களா? மாட்டை விட்டா உங்களுக்கு என்ன சந்தோஷம் இருக்கு? அதெல்லாம் வேணாம். எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க, போதும்."

"நீ பயப்படுவேன்னு நெனச்சேன்."

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

மறுநாளே அப்பா பிக்அப்பை மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப்போய் அம்மாவிடம் கொடுத்தார். உலகத்திலேயே மோசமான டிரைவிங் வாத்தியார் அவர்தான் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பிரசவிக்கிற பசுவின் பக்கத்தில் அத்தனை பொறுமையாக நிற்கிற மனிதர், கிளட்சை விடுவதற்குள் "ஐயோ! ஐயோ!" என்று கத்தினார். அம்மா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள்.

இதை வேலிப் பக்கத்திலிருந்து பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, அப்பா வேலையிலிருந்து திரும்புவதற்கு முன், தன்னுடைய பழைய பிக்அப் வண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். இறங்கினார், தொப்பியைத் தொட்டார், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, தான் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

ஆறு வாரம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நானும் தம்பியும் பின்னால் திறந்த பெட்டியில் உட்கார்ந்திருப்போம். "மெதுவா", "பள்ளம்", "பரவாயில்லை", அவருடைய பாடம் மொத்தமும் இந்த மூன்று வார்த்தைகள்தான். வண்டி நின்றுபோனால் மறுபடி கிளப்பும்வரை வானத்தைப் பார்ப்பார். அம்மாவின் ஆங்கிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். எங்களைக் கண்டால் ஆகாது என்று அப்பா சொன்ன மனிதர், இத்தனை நாளும் எங்களிடம் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஒரு நாள் அம்மா அவரைத் தன் ஆங்கிலத்தில் கேட்டாள், உங்கள் வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்தீர்களா என்று. "அந்த வீட்டைத்தான் நான் தினமும் பாக்கறேனே" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, அதற்கு முன்பு ஒரு முறையும் நாங்கள் கேட்டிராத நீளத்துக்குப் பேசினார். தன் தம்பி வீட்டுக்குப் போகிற வழி எது என்பதே மறந்துவிட்டது என்றார். அம்மா வண்டியை நிறுத்திவிட்டு, "காட்டுங்க, ஓட்டறேன்" என்றாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் வற்புறுத்தவில்லை. சில வண்டிகள் அவ்வளவு சுலபமாகக் கிளம்புவதில்லை.

அம்மா லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவையே பாஸ் செய்தாள். அப்பா ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார் வாங்கினார், பின்பக்கம் நீண்டது, பச்சை நிறம், பக்கவாட்டில் மரம் மாதிரித் தாள் ஒட்டியது.

அவள் முதன்முதலில் தனியாக வண்டியை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வீடு பூட்டியிருந்தது. தம்பி, பண்ணைக்காரரின் வாசல் படியில், அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேர் இஸ் அம்மா?" என்றேன்.

"டிரைவிங்" என்றான், அது ரொம்ப சாதாரணமான விஷயம் மாதிரி.

ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலை பத்து மணிக்குப் போனவளாம். அப்போது மணி நாலு. தகவல் தெரிந்து அப்பா ஓடி வந்தார். சட்டையில் ரத்தக் கறை. ஏதோ பசுவின் பிரசவத்தைப் பாதியில் உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஹைவேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே படத்தின் ஒரே காட்சியை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தெரியும். அவர் வண்டியில் ஏறப் போனார். பண்ணைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்.

"வந்துடுவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அப்பா கத்தினார்.

"டேங்க்கை நான்தான் ரொப்பி விட்டேன். பாதி போறதுக்கு, பாதி வர்றதுக்குன்னு சொன்னேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க கணக்கு டீச்சர்" என்றார்.

அப்பா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ரோட்டில் போன வண்டிகளை அப்பா கட்டைவிரலால் எண்ணிக்கொண்டிருந்தார். தான் எண்ணுவது அவருக்கே தெரிந்திருக்காது.

ஐந்தரை மணிக்கு மேல் பச்சை வண்டி ஹைவேயிலிருந்து திரும்பியது. மண்பாதையில் மெதுவாக, பள்ளம் பார்த்துப் பார்த்து வந்தது. அம்மா இறங்கினாள். புழுதியில் தலைமுடி வெளுத்திருந்தது. கண் சிவந்திருந்தது, அழுதிருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். இறங்கியதும் முதல் வேலையாகப் பின் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தாள், பண்ணைக்காரர் செய்கிற மாதிரியே.

தம்பி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அப்பா எழுந்து நின்றார். அவர் வாய்க்குள் எத்தனை கேள்விகள் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. வெளியே வந்தது ஒன்றுதான்.

"எங்க போயிட்ட?"

"ரோடு எங்க முடியுதுன்னு பாக்கலாம்னு போனேங்க. அது முடியவே இல்ல. பசிச்சுது. திரும்பிட்டேன்."

அப்பா தலையாட்டினார். அவள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் வீட்டை நோக்கி நடந்த பிறகு கேட்டார்.

"நாளைக்கு எந்தப் பக்கம்?"

"இன்னைக்கு மேற்கால போனேன்" என்றாள் அம்மா. "நாளைக்கு வடக்க. நீங்களும் வேணா வாங்க. ஆனா கத்தக் கூடாது."